மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள்

இன்பமேரி இந்த உலகத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தூக்கம்.

பட்டும் நகையும் அவள் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள், "அக்கா" என்றோ "டீச்சர்" என்றோ "ஏ இன்பம்" என்றோ யாரும் கூப்பிடாமல் பாயில் விழுந்து கிடக்க வேண்டும். அதற்குக்கூட அந்த வீட்டில் வழி பிறக்கவில்லை, பாவம்.

போன வாரம் அவளைக் கோயிலில் விட்டுவிட்டு வந்தோம், நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் லத்தீனை நிறுத்திவிட்டுத் தமிழுக்குத் திரும்பி, இரண்டாவது ஓலையை வாசித்தார். "சேலம், காலஞ்சென்ற சவரியார் மேஸ்திரியின் மகள் அன்னாளுக்கும், நாமக்கல், காலஞ்சென்ற லாசர் மேஸ்திரியின் மகன் தோமினிக்குக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். ஏதோ ஒரு குழந்தை இருமியதோடு சரி.

இப்படி மூன்று ஞாயிறு வாசித்து எவரும் வாய் திறக்காவிட்டால் தாலி கட்டலாம். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது நாளைக்கு. தங்கை அன்னாளின் கல்யாணம் புதன்கிழமை.

நடுவில் ஒரு தலைவலி இருக்கிறதே, தோமினிக்கின் அத்தை அகத்தம்மாள், அவளையும் மறந்திருக்க மாட்டீர்கள். தாய் தகப்பன் இல்லாத பையனை வளர்த்து ஆளாக்கியவள். நாமக்கல்லில் அவன் வைத்திருக்கும் லாரிப் பட்டறைக்கு அடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறாள். அவளுக்குப் பள்ளிபாளையத்து மில்காரர் வீட்டுப் பெண்மேல் கண். "பையன் ஒத்தைக்கால்ல நிக்கிறான்னு சரின்னேன். குறிச்ச தேதி ஒரு நாள் தவறினாலும் அது ஆண்டவர் சித்தம்னு எடுத்துக்கிட்டு நான் பள்ளிபாளையம் பஸ் ஏறிடுவேன்" என்று நிச்சயதார்த்தத்தன்றே, பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டே சொன்னவள்.

அப்பா போன நாளிலிருந்து அந்த வீட்டுச் சுமை இன்பமேரியின் தலையில். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், சாயங்காலமானால் தையல் மிஷின். வயது முப்பத்து மூன்று. தனக்கு வந்த வரன்களையெல்லாம் "அன்னாளுக்கு முடியட்டும்" என்று திருப்பி அனுப்பி, இப்போது வரன் வருவதே நின்றுவிட்டது.

அப்படிப்பட்டவள் கல்யாண வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் மாங்காய் பறிக்க எருமப்பட்டிக்குப் பஸ் ஏறினாள் என்றால், அது அன்னாளின் கைவரிசை.

"வசந்தாமணி டீச்சர் தோட்டத்துல நிழல் இருக்கு, கயித்துக் கட்டில் இருக்கு. நீ படு. கல்யாணப் பச்சடிக்கு வேணுங்கிற மாங்காயை நாங்க பறிக்கிறோம். ஒரு பகல் தூங்குக்கா. உன் கண்ணைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

அவர்களுடைய அம்மா அந்தோணிமேரி வாசற்படியில் நின்று மறித்தாள். "ஓலை வாசிச்ச பொண்ணு ஊரைத் தாண்டக் கூடாதுடி. மாம்பால் மூஞ்சியில பட்டுத் தொலைஞ்சா புண்ணாயிடும். புண்ணோட போய் நிப்பியா மாப்பிள்ளை பக்கத்துல?"

"அம்மா, நான் பொறந்த இடத்தைக் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை பாக்க வேணாமா?"

அம்மா வழி விட்டாள். அன்னாள் பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான். இருபது வருஷத்துக்கு முன்பு அங்கே கிணற்றுக்குக் கல் கட்டச் சவரியாரும் லாசரும் போனார்கள். இரண்டு குடும்பமும் மாமரங்களுக்கு நடுவே கொட்டகை போட்டு ஒரு கோடை முழுவதும் தங்கியது. அங்கேயே, மாசம் நிறைவதற்குள், அந்தோணிமேரிக்கு வலி கண்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேச்சோடு பேச்சாக "எங்க கெணத்தைக் கட்டுனது சேலத்து வேதக்கார மேஸ்திரிங்க" என்று வசந்தாமணி சொல்லப்போய்த்தான் அது இந்தத் தோட்டம் என்பது தெரிந்தது.

தோட்டத்துக்குள் நுழையும்போதே வெயில் ஏறிவிட்டது. கூட வந்த சிநேகிதிகள் இரண்டு பேர், இருவருமே டீச்சர்கள். ஒருத்தி தோட்டத்துக்காரி வசந்தாமணி. இன்னொருத்தி செல்லியம்மாள். செல்லியம்மாள் எடுப்பது கணக்குப் பாடம், கெட்டிக்காரி சாப்பாட்டில். உப்பையும் மிளகாய்ப்பொடியையும் கலந்து பொட்டலம் கட்டி இடுப்பில் சொருகிக்கொண்டே வந்திருந்தாள்.

சொந்த மண்ணில் கால் பட்டதும் வசந்தாமணி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அதிகாரத்தைத் தொடங்கிவிட்டாள்.

"இத பாருங்க, கிளையைப் புடிச்சு உலுக்கற வேலை ஆகாது. கீழ உழுந்த காய் உள்ளுக்குள்ளயே அழுகிப் போயிரும். தொரட்டியில வலை கட்டியிருக்குதல்லோ? காயை வலைக்குள்ள உட்டு, காம்போட ஒரு முறுக்கு. பறிச்ச காயைக் காம்பு கீழ பாக்கக் கவுத்து வெக்கோணும். இல்லீன்னா பால் ஒழுகித் தோலெல்லாம் புள்ளி உழுந்துரும்."

"பரீட்சை உண்டுங்களா டீச்சர்?" என்றாள் செல்லியம்மாள். வாயில் ஏற்கெனவே ஒரு கீற்று மாங்காய் இருந்தது.

அன்னாள் தொரட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். முதல் காயை வலையில் வாங்கியபோது அவள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது. புதன்கிழமை மணவறையில் உட்கார வேண்டியவள் பாவாடை தாவணிச் சிறுமி மாதிரி குதிப்பதைப் பார்க்க இன்பமேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது. கட்டிலில் போய்ச் சாய்ந்தாள்.

கண்ணை மூடினாள். "டீச்சர், அந்தக் கூடையை இப்பிடி நகத்துங்களேன்!" நகர்த்திவிட்டு வந்து படுத்தாள். "அக்கா, இங்க வந்து பாரேன், ஒரே காம்புல அஞ்சு காய்!" போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள். "ஏனுங் இன்பமேரி டீச்சர், வேப்பெண்ணெய் தடவாம படுத்தீங்கன்னா எறும்பு கடிக்குமுங்க!" கடிக்கத்தான் கடித்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

சரி, முகத்தையாவது கழுவுவோம் என்று கிணற்றுப் பக்கம் நடந்தாள்.

அப்பா கட்டிய கிணறு. கல் ஒன்றுகூட நகரவில்லை. தண்ணீர் தொட்டியை ஒட்டி ஓலைக் கொட்டகை. அதற்குள் ஒரு பெண்பிள்ளை வைக்கோலைப் பரப்பி மாங்காய்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் ரொம்ப காலமாக வேலை செய்கிற சின்னாயி. அவள் இன்பமேரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங் அம்மிணி, நீங்க அந்தச் சவரியார் மேஸ்திரி மவளுங்களா?"

"ஆமாங்க."

"மூத்தவ! மருத்துவச்சியைக் கூட்டியாரப் பாவாடையைத் தூக்கிச் சொருகிட்டு ஓடுனியே, நீதான?"

"நான்தாங்க." இன்பமேரிக்கு அந்த ஓட்டம் நன்றாக நினைவிருந்தது. காலில் முள் ஏறியது, எடுக்க நேரமில்லை. நொண்டிக்கொண்டே ஓடி, மருத்துவச்சியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கு ஓட ஆரம்பித்தவள் இன்னும் நிற்கவில்லை என்று அவளுக்கே தோன்றியது.

"அங்க மாங்கா புடுங்கறாளே, அவதான் அந்தப் புள்ளையா?" சின்னாயி கண்மேல் கையை வைத்து அன்னாளைப் பார்த்தாள். "அடி என் சாமி! எத்தாச்சோடு வளந்துட்டா! அன்னைக்குப் பொழைப்பான்னு யாரு நெனச்சா?"

"பொழைப்பாளான்னா? அப்படி என்னங்க ஆச்சு?"

"உனக்குச் சொல்லலியா? நீ அக்கட்டால ஓடுன, இக்கட்டால புள்ள பொறந்துருச்சு. நாந்தான் கையில வாங்குனேன். மூச்சுமில்லே பேச்சுமில்லே, நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. உங்கம்மா மயங்கிக் கெடக்குது. ஆம்பளைங்க கல்லேத்தறக்கு வண்டி கட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கையும் ஓடலே காலும் ஓடலே. அப்பத்தான் அந்தப் பையன் உள்ள வந்தான். இன்னொரு மேஸ்திரி இருந்தாரே, அவரு மவன், தாயில்லாப் புள்ள. சுருட்டை முடி. பத்து வயசுதான் இருக்கும். பேரு என்னமோ..."

"தோமினிக்கா?"

"அதேதான்! 'புள்ளையைப் புடிங்கக்கா'ன்னான், பெரிய மனுசனாட்டம். அங்க ரெண்டு சொம்பு இருந்துச்சு. ஒண்ணுல கெணத்துத் தண்ணி, ஒண்ணுல உங்கம்மாளுக்குக் குடுக்க நான் வெட்டி ஊத்துன எளநி. எதையோ ஒண்ணை எடுத்துப் புள்ள தலையில மூணு வாட்டி ஊத்துனான். 'பிதா, சுதன்'னு என்னமோ சொன்னான். ஊத்தி முடிக்கலே சாமி, வீல்னு கத்துனா பாரு உன் தங்கச்சி! மரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்து போச்சு. அதுக்கப்பறம் அவன் இங்க இருந்த வரைக்கும் எங்களுக்கெல்லாம் சின்னப் பூசாரிதான்."

சின்னாயி வாய்விட்டுச் சிரித்தாள். இன்பமேரியின் கையில் அள்ளிய தண்ணீர் விரலிடுக்கு வழியாக ஒழுகிப் போயிற்று. முகம் கழுவவில்லை.

மற்ற யாருக்கு அது வேடிக்கைக் கதையோ, ஞானோபதேச டீச்சருக்கு அது வேடிக்கை இல்லை. சாகக் கிடக்கும் குழந்தைக்குச் சாமியார் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஞானோபதேசம் படித்த பத்து வயதுப் பையன் அதைத்தான் செய்திருக்கிறான். ஆனால் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் தகப்பன் மகளைப் போல ஒரு ஞான உறவு ஏற்பட்டுவிடும். அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டால் திருச்சபையில் அது செல்லாது. சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கும் மேற்றிராணியார் விலக்குக் கொடுத்தால்தான் உண்டு. மனு எழுதி, அது போய், உத்தரவு வந்து சேர்வதற்குள் புதன்கிழமை போய்விடும். அகத்தம்மாள் பள்ளிபாளையம் பஸ்ஸில் ஏறியிருப்பாள்.

அம்மா மயங்கிக் கிடந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தோட்டத்து ஆட்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது. பிறகு சேலத்தில் சாமியாரும் வழக்கம்போல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இதெல்லாம் சரி. தோமினிக்குக்குத் தெரியுமே? பத்து வயதுப் பையனுக்கு இது மறந்து போகுமா?

"என்ன அம்மிணி, பேயறைஞ்சாப்ல நிக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க. வெயிலு."

மரத்தடிக்குத் திரும்பி வந்தவள் கட்டில் பக்கம் போகவில்லை. யார் கையிலிருந்தோ தொரட்டியை வாங்கிக்கொண்டு பறிக்க ஆரம்பித்தாள். சும்மா இருந்தால் நினைப்பு கொன்றுவிடும் போலிருந்தது.

வாயை மூடிக்கொண்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? நாளைக்கு மூன்றாவது ஓலை, புதன்கிழமை தாலி, வியாழக்கிழமை தூக்கம். எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாள் அந்த வியாழக்கிழமைக்கு!

ஆனால் நாளைக் காலையில் சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாரே. அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பாரே. இவள் மூன்றாவது வரிசையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தடை இருப்பது தெரிந்தே தங்கையை மணவறைக்கு அனுப்புவாள். அது தெரியாமலே அன்னாள் ஆயுசு முழுக்கக் குடித்தனம் செய்வாள்.

"மாதாவே, இதையும் நானேதான் பாக்கணுமா?" என்று இன்பமேரி வாய்விட்டே கேட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தொரட்டி சறுக்கி, காம்பு ஒடிந்த காயிலிருந்து பால் பீறிட்டு வந்து கன்னத்தில் விழுந்தது.

வசந்தாமணி ஓடி வந்து முந்தானையால் துடைத்தாள். "அடக் கடவுளே! கல்யாணப் பொண்ணு மேல படக்கூடாதுன்னு காவல் காத்தா, அக்காக்காரி வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே! நில்லுங்க, தேங்காண்ணெய் கொண்டாரேன்." எண்ணெயைத் தடவும்போது குரலைத் தாழ்த்தினாள். "என்னங் டீச்சர், மொகம் செத்துப்போய்க் கெடக்குது? எதாச்சும் வருத்தமா?"

"இல்லைங்க. தூக்கமில்லை, அவ்வளவுதான்."

பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை.

மத்தியானம் வசந்தாமணியின் அம்மா வீட்டிலிருந்து கம்பஞ்சோறும் மோரும் வந்தது. பறித்த மாங்காயை அரிந்து உப்புப் போட்டுத் தொட்டுக்கொண்டார்கள். செல்லியம்மாள் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "எனக்குக் கல்யாணம் ஆனா இப்பிடித் தோட்டம் இருக்கற ஊட்டுலதானுங்க. மாப்பிள்ளை இல்லாட்டியும் பரவாயில்லே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்னாளும் சிரித்தாள், ஆனால் கண் மட்டும் அக்காவின் இலைமேல் இருந்தது. அந்த இலையில் போட்ட சோறு போட்டபடி இருந்தது.

செல்லியம்மாளும் வசந்தாமணியும் இரண்டு நாள் தோட்டத்திலேயே தங்குவதாக ஏற்பாடு. துறையூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் அக்காவும் தங்கையும் மட்டும் ஏறினார்கள், கூடை நிறைய மாங்காயோடு. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் அன்னாள் திரும்பி உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"என்னத்தடி சொல்ல?"

"கெணத்தடிக்குப் போனப்ப ஒரு மூஞ்சி. திரும்பி வந்தப்ப ஒரு மூஞ்சி. அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. நீ பேசாம வா."

"நீ சொல்லாட்டி நான் இறங்கிப் போய் அவங்களையே கேப்பேன். கண்டக்டர்! கொஞ்சம்..."

"அடியே, உக்காருடி!"

உட்கார வைத்தாள். பிறகு சொல்லிவிட்டாள். எதையும் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. நீலம் பாரித்த குழந்தையிலிருந்து சின்னப் பூசாரி வரைக்கும் சின்னாயி சொன்னது சொன்னபடியே சொன்னாள். ஞான உறவையும் சொன்னாள். மேற்றிராணியார், விலக்கு, அகத்தம்மாள், பள்ளிபாளையம் எல்லாம் சொல்லி முடித்தாள்.

அன்னாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அப்ப அவரு எனக்குத் தகப்பன் மாதிரியா? நல்லா இருக்கே கதை!" சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வாய் மட்டும் என்னவோ போல் கோணியது.

"அவருதான் என்னைப் பொழைக்க வெச்சாரா?" என்றாள் மெதுவாக.

"ஆமாண்டி."

"ஒரு வார்த்தை சொல்லலியே. மறந்துட்டாரா, மறைச்சுட்டாரா?"

"அது ஆண்டவருக்குத்தான் தெரியும். சேலத்துல இறங்குனதும் நான் நேரா கோயிலுக்குப் போறேன். சனிக்கிழமை, சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கிட்டு இருப்பாரு. அவர்கிட்ட சொல்லிடறேன். அப்புறம் நடக்கறது நடக்கட்டும். அகத்தம்மாள் கால்ல விழணும்னாலும் நானே விழறேன்."

அன்னாள் தன் துணிப்பையை மடித்து மடித்துப் பிரித்தாள். எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள். பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கிய பிறகு, "அக்கா, ரெண்டு சொம்பு இருந்துச்சுன்னு சொன்னே இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமா. ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல இளநி."

"எதை ஊத்தினாரு?"

"எதையோ. அந்தம்மா பாக்கல."

"ஞானஸ்நானம் எதுல கொடுக்கணும்?"

"தண்ணியில. இதென்னடி கேள்வி..." இன்பமேரி சட்டென்று தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியிலதான் கொடுக்கணும், பால்ல கொடுத்தாலும் செல்லாது, இளநில கொடுத்தாலும் செல்லாது. இதைத் தப்பா எழுதினேன்னு சின்ன வயசுல என் காதைத் திருகினவ நீதான்." அன்னாள் அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இளநின்னா அது ஞானஸ்நானமே இல்ல. உறவுமில்ல, தடையுமில்ல. உனக்கு இது தோணவே இல்ல பாத்தியா? அவ்வளவு களைச்சுப் போயிருக்கே."

இன்பமேரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வருஷம் தவறாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டதில் அது மட்டும் எங்கேயோ காணாமல் போயிருந்தது.

"அப்ப சாமியார் அவரைக் கூப்பிட்டுக் கேக்கட்டும், தண்ணியா இளநியான்னு" என்றாள்.

"சாமியார் கூப்பிட்டு அனுப்பினா, ஏன் எதுக்குன்னு வர்ற வழியெல்லாம் யோசிப்பாரு. எது சொன்னா புதன்கிழமை கல்யாணம் நடக்குமோ அதைச் சொல்லிடுவாரு. எனக்கு அது வேணாம். எந்தப் பதில் நல்லதுன்னு அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி கேக்கணும். அவரு மூஞ்சியைப் பாத்துக் கேக்கணும்." அன்னாளின் குரலில் விளையாட்டு இல்லை. "சரி, இப்ப நீ தூங்கு."

"எப்படிடி தூக்கம் வரும்?"

"வரும். சாஞ்சுக்க."

வந்தது. சொல்லாமல் வைத்திருந்த வரைக்கும் கிட்டே வராத தூக்கம், சொல்லி முடித்ததும் எங்கிருந்தோ வந்து அவளை அமுக்கியது. தங்கையின் தோளில் தலை சாய்ந்தது. வெயில் முகத்தில் அடித்தது, யாரோ சேலை முந்தியை மறைப்பாகப் பிடித்தார்கள். அதுவரைக்கும்தான் அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க... ஏனுங்க அம்மிணி... எந்திரிங்க, சேலம் வந்துருச்சு."

கண்டக்டர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். பஸ் காலியாக இருந்தது. வெளியே பொழுது சாய்ந்திருந்தது. இன்பமேரியின் தலைக்கடியில் அன்னாளின் துணிப்பை மடித்து வைத்திருந்தது. பக்கத்து இடத்தில் மாங்காய்க் கூடை உட்கார்ந்திருந்தது.

"என் தங்கச்சி எங்கங்க?"

"அந்தப் பாப்பா நாமக்கல்லயே எறங்கிருச்சுங்களே."

"நாமக்கல்லயா!"

"சேலத்துக்கல்லோ டிக்கெட்டுன்னு நாங்கூடக் கேட்டனுங்க. 'எங்கக்கா ரொம்ப நாளாத் தூங்கலீங்க, எழுப்பிராதீங்க, சேலத்துல எழுப்பி உடுங்க'ன்னு சொல்லிட்டு எறங்கிருச்சு. டிரைவர் அண்ணன் வழியில ஹாரனைக்கூட அளந்துதான் அடிச்சாருங்க, பாத்துக்குங்க."

"எங்க போறேன்னு எதாவது..."

"லாரிப் பட்டறைக்கு வழி கேட்டுச்சுங்க. அப்பறம் உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொல்லுச்சு." கண்டக்டர் தலையைச் சொறிந்து ஞாபகப்படுத்திக்கொண்டார். "'தண்ணியா எளநியான்னு நானே கேட்டுட்டு வாரேன். நான் வார வரைக்கும் அக்கா சாமியார்கிட்டப் போக வேண்டாம். இந்த ஒண்ணை நான் பாத்துக்கறேன்'னு சொல்லச் சொல்லுச்சு. நமக்கு ஒண்ணும் வெளங்கலீங்க."

ஓலை வாசித்த பெண். தனியாக. மாப்பிள்ளையின் பட்டறைக்கு. அடுத்த வீட்டு வாசலில் அகத்தம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாளே! தண்ணீர் என்று அவன் சொன்னால் என்ன செய்வாள் இந்தப் பெண்? இளநீர் என்று சொல்லி, அது பொய் என்று முகத்தில் தெரிந்தால்?

கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நாமக்கல் போகிற பஸ் அடுத்த வரிசையில் உறுமிக்கொண்டு நின்றது. கால் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பி நாலு எட்டு ஓடியும்விட்டது.

பிறகு நின்றது.

"அங்கிருந்து இனி எத்தனை பஸ்ஸுங்க வரும்?" என்று திரும்பிக் கேட்டாள்.

"நாமக்கல்லுல இருந்துங்களா? இனி ஒண்ணே ஒண்ணுதானுங்க."

நாமக்கல் பஸ் அவளைக் கடந்து புறப்பட்டுப் போயிற்று. கோயில் பக்கமிருந்து மாதா வணக்கத்துக்கு மணி அடிக்கும் சத்தம் கேட்டது. சாமியார் பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். இவள் போகவில்லை. தங்கைமேல் கோபமாக வந்தது, பயமாகவும் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் அழுகையும் வந்தது. "இந்த ஒண்ணை நான் பாத்துக்கறேன்" என்று அந்த வீட்டில் இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

பயணிகள் பெஞ்சில் இடம் இருந்தது. இன்பமேரி கூடையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். கன்னத்தில் மாம்பால் பட்ட இடம் எரிந்தது. நாமக்கல் ரோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.